இசிஎச்எஸ் அட்டையா, கம்பெனி இன்சூரன்ஸா? கோத்தகிரிக் குடும்பம் ஒன்றின் இரண்டு ஆண்டுக் கணக்கு

பின்னணி

குடும்பத் தலைவர் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் 24 ஆண்டு பணியாற்றி, 2019-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். இந்தக் கேள்வி எழுந்த 2023-ல் அவருக்கு வயது 46. கோத்தகிரியிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் உள்ளே வீடு. வீட்டுக்குக் கீழே சரிவில் அப்பா பெயரில் அரை ஏக்கர் தேயிலை. ஓய்வுக்குப் பின் குன்னூர்ப் பக்கம் ஒரு தனியார் நிறுவனத்தில் செக்யூரிட்டி சூப்பர்வைசராகச் சேர்ந்தார். சம்பளம் 26,500 ரூபாய். இஎஸ்ஐ வரம்பான 21,000-ஐத் தாண்டியதால் அந்த வழி அவருக்கு இல்லை.

வீட்டில் ஆறு பேர். மனைவிக்கு 41 வயது. ஸ்கேனில் பித்தப்பைக் கல் இருப்பது முன்பே தெரியும். மகன் 20, கோவையில் கல்லூரி. மகள் 17, பிளஸ் டூ. அப்பாவுக்கு 73, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பத்து ஆண்டுக்கு மேலாக. அம்மாவுக்கு 68, மூட்டுவலி தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை.

ஓய்வின்போதே முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்துக்கு, அதாவது இசிஎச்எஸ்ஸுக்கு, 30,000 ரூபாய் ஒரே தவணையாகப் பிடித்தம் ஆகிவிட்டது. சிப்பாய் முதல் ஹவில்தார் வரை அந்தத் தொகைதான். பொது வார்டு தகுதி. அவர், மனைவி, பிள்ளைகள் என நான்கு பேருக்கும் அட்டை இருந்தது. அப்பா, அம்மாவுக்கு எடுக்கவில்லை. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டு நான்கு ஆண்டு ஆகியிருந்தது.

அக்டோபர் 2023-ல் நிறுவனம் புதிய குழுக் காப்பீட்டை அறிவித்தது. பதினைந்து நாளுக்குள் படிவம் நிரப்பித் தர வேண்டும். முன்வைக்கப்பட்டவை மூன்று:

முதலாவது, வேறு மருத்துவ வசதி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்து விலகினால் மாதம் 600 ரூபாய் மருத்துவப்படி. இரண்டாவது, ஊழியருக்கு இலவசம். மனைவி, பிள்ளைகளைச் சேர்க்க ஆண்டுக்கு 7,800 ரூபாய் சம்பளத்தில் பிடித்தம். நால்வருக்கும் சேர்த்து 3 லட்சம். மூன்றாவது, இவற்றோடு பெற்றோரையும் சேர்த்தால் மேலும் 31,000 ரூபாய். அவர்களுக்குத் தனியாக 2 லட்சம், ஒவ்வொரு கிளெய்மிலும் 20 சதவீதம் கையிலிருந்து.

உடன் வேலை செய்த இன்னொரு முன்னாள் ராணுவத்தினர் அன்றே முதல் கட்டத்தில் டிக் அடித்துவிட்டார். "நமக்குத்தான் இசிஎச்எஸ் இருக்கே, எதுக்குண்ணே தண்டமா கட்டணும்" என்பது அவர் வாதம். இந்தக் குடும்பம் இரண்டு வார இறுதிகளை எடுத்துக்கொண்டு காகிதங்களைப் படித்தது.

காகிதங்களில் கண்டவை

பணக் கணக்கு முதலில். இரண்டாவது வழியின் விலை 7,800 என்று படிவம் சொன்னது. அது பாதி உண்மை. விலகியிருந்தால் கிடைத்திருக்கும் 7,200 ரூபாய் படியும் போகிறது. ஆக உண்மை விலை ஆண்டுக்கு 15,000. மூன்றாவது வழிக்கு 46,000. படியோடு வரும் தேர்வுகளில் இந்த இழப்பைப் பெரும்பாலோர் கூட்டிப் பார்ப்பதில்லை.

அடுத்து பாலிசி வாசகம். அறை வாடகைக்கு நாளொன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய். ஐசியூவுக்கு 2 சதவீதம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் இல்லை. குழுக் காப்பீட்டின் பெரிய லாபம் அது. புறநோயாளிச் செலவு கிடையாது. அப்பாவின் மாத மருந்துக்கு ஒரு பைசா வராது என்று அர்த்தம். வேலையை விட்ட நாளோடு காப்பீடும் முடியும்.

இசிஎச்எஸ் பக்கம் பார்த்தால் நிலைமை கிட்டத்தட்ட நேர்மாறு. செலவுக்கு உச்சவரம்பு இல்லை. வயது, பழைய நோய் எதுவும் தடையில்லை. மாத மருந்து திட்டத்தின் சொந்த மருத்துவ நிலையமான பாலிகிளினிக்கிலேயே கிடைக்கும். கணவர் காலமானாலும் குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவிக்குத் தொடரும். மகனுக்கு 25 வயது அல்லது வேலை அல்லது திருமணம், எது முந்துகிறதோ அதுவரை. மகளுக்குத் திருமணம் அல்லது சொந்த வருமானம் வரை.

இதற்கு விலையாக ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் பாலிகிளினிக் போக வேண்டும். அங்கே மருத்துவர் ரெஃபரல் எழுத வேண்டும். அதை எடுத்துக்கொண்டு எம்பேனல் ஆன, அதாவது திட்டத்தின் பட்டியலில் உள்ள, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவசரத்துக்கு மட்டும் ரெஃபரல் வேண்டாம். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் அவசரமாகச் சேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்ல வேண்டும். பணத்தை நாமே கட்டிவிட்டு, பிறகு மத்திய அரசு ஊழியர்களின் மருத்துவத் திட்டமான சிஜிஎச்எஸ்ஸின் கட்டண விகிதப்படி திரும்பக் கேட்க வேண்டும். கட்டியது முழுதும் திரும்பாது.

சமவெளியில் இருப்பவர்களுக்கு இந்த ஒழுங்கு பெரிய சுமையில்லை. மலையில் இது ஒரு முழு நாள். இவர்களுக்குரிய பாலிகிளினிக் வெலிங்டனில். வீட்டிலிருந்து கோத்தகிரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து குன்னூருக்கு சுமார் 20 கிலோமீட்டர், பிறகு வெலிங்டன். டோக்கன் எடுத்து, டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கித் திரும்பும்போது சாயங்காலம். பெரிய சிகிச்சை என்றால் கோவைக்கே இறங்க வேண்டும். வீட்டுக்கு அருகில் இரவில் ஓடிப்போகக்கூடிய ஒரே தனியார் ஆஸ்பத்திரி கம்பெனி இன்சூரன்ஸ் பட்டியலில் இருந்தது. இசிஎச்எஸ் பட்டியலில் இல்லை.

இரண்டும் ஒன்றாக இருக்கலாமா என்ற சந்தேகமும் இருந்தது. தனியார் நிறுவனத்தின் குழுக் காப்பீடு இசிஎச்எஸ் தகுதியைப் பறிக்காது. மறுவேலை அரசுத் துறையிலோ பொதுத்துறை நிறுவனத்திலோ என்றால் கணக்கு வேறு: அங்கே அரசுப் பணத்தில் இன்னொரு மருத்துவ வசதியை அனுபவித்துக்கொண்டு இதையும் வைத்துக்கொள்ள முடியாது. இவருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

எடுத்த முடிவும் காரணமும்

இரண்டாவது வழியை எடுத்தார்கள். பெற்றோரைக் கம்பெனிக் காப்பீட்டில் சேர்க்கவில்லை.

மனைவி, பிள்ளைகளுக்கு 15,000 கொடுக்கக் காரணம் தொகையல்ல, தூரம். மகன் கோவையில், அவனுக்குக் காய்ச்சல் என்றால் வெலிங்டன் வந்து ரெஃபரல் வாங்கச் சொல்ல முடியாது. மனைவியின் பித்தப்பைக் கல் எந்த ராத்திரியிலும் வலிக்கலாம். அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் கையிலிருந்து கட்டாமல், கேஷ்லெஸ்ஸாகச் சிகிச்சை நடக்க வேண்டும் என்பதற்கான கட்டணம் அது.

பெற்றோர் விஷயத்தில் கணக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. 31,000 கட்டி 2 லட்சம். அதிலும் ஐந்தில் ஒரு பங்கு கையிலிருந்து. வேலை போனால் அதுவும் இல்லை. அப்பாவுக்கு வரக்கூடியதோ இதயம், சிறுநீரகம், பக்கவாதம். 2 லட்சம் தாங்காது. அவருக்குத் தேவை உச்சவரம்பில்லாத திட்டமும் மாத மருந்தும். இரண்டும் இசிஎச்எஸ்ஸில்தான் இருந்தன.

மிச்சமாகும் 31,000-ஐச் செலவாக விடாமல், மாதம் 2,500 வீதம் அஞ்சலகத்தில் ஐந்தாண்டு ஆர்.டி. போட முடிவானது. பெற்றோருக்கு அவசரம் வந்து பட்டியலில் இல்லாத இடத்தில் கட்ட வேண்டி வந்தால் அந்தப் பணம். டிசம்பர் 2023-ல் கணக்கு தொடங்கினார்கள். எண்ணம் சரி, பெட்டி தவறு. அது பின்னால் தெரிந்தது.

பெற்றோருக்கு அட்டை: ஜனவரி முதல் ஜூன் 2024 வரை

பெற்றோரைச் சார்ந்தோராகச் சேர்க்க, அவர்களின் கூட்டு வருமானம் மாதம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த தொகைக்குக் கீழே இருக்க வேண்டும். அகவிலைப்படி 46 சதவீதமாக இருந்த அந்தச் சமயத்தில் வரம்பு 13,140. அரை ஏக்கர் பச்சைத் தேயிலையில் பறிகூலி, உரம் போக நிற்பது இதற்கு வெகு கீழே. ஆனாலும் சான்று வேண்டும். இ-சேவையில் விண்ணப்பித்து வருமானச் சான்று வாங்கினார்கள். ஆண்டுக்கு 84,000 என்று வந்தது. இது எளிதான பகுதி.

கடினமானது அம்மாவின் பெயர். 1995-ல் படையில் சேர்ந்தபோது எழுத்தர் கேட்டு எழுதிய பெயர் ஊரில் கூப்பிடும் பெயர். ஆதாரில் இருப்பது பள்ளிப் பெயர். ஓய்வின்போது ராணுவம் தரும் டிஸ்சார்ஜ் புக்கில் முதலாவது, ஆதாரில் இரண்டாவது. கணினிக்கு இவர்கள் இரண்டு வெவ்வேறு பெண்கள். பிறந்த தேதியும் பொருந்தவில்லை: ஒன்றில் வருடம் மட்டும், இன்னொன்றில் சனவரி 1.

செய்தது இதுதான். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம். அதோடு ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், டிஸ்சார்ஜ் புக்கின் குடும்பப் பக்கம், ஓய்வூதிய ஆணையான பிபிஓவின் நகல். இவற்றை ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்குக் கொடுத்து, பணிப்பதிவேட்டில் திருத்தி, அந்த மாற்றத்தை அறிவிக்கும் பார்ட் டூ ஆர்டரை வெளியிடக் கேட்டார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட்ஸ் வெலிங்டனிலேயே இருப்பது அதிர்ஷ்டம். நேரில் போய்க் கேட்க முடிந்தது. அப்படியும் 11 வாரம் ஆனது. வடநாட்டில் ரெக்கார்ட்ஸ் உள்ள ரெஜிமென்ட்காரர்கள் இதைத் தபாலில் செய்ய வேண்டும், இன்னும் நீளும்.

ஒரு நல்ல முடிவு: அம்மாவின் திருத்தத்துக்காக அப்பாவின் விண்ணப்பத்தை நிறுத்தி வைக்கவில்லை. அப்பாவின் பெயர் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருந்தது. அவருடையது பிப்ரவரியில் ஆன்லைனில் போனது. பாலிகிளினிக் சரிபார்ப்பு, ராணுவ ஸ்டேஷன் ஹெட்குவார்ட்டர்ஸ் ஒப்புதல் முடிந்து ஏப்ரலில் அட்டை வந்தது. அம்மாவுடையது ஜூன் கடைசியில். இரண்டையும் ஒன்றாகப் போடலாம் என்று காத்திருந்தால் அப்பாவுக்கும் ஜூன்தான்.

ஏப்ரலிலிருந்து அப்பாவின் சர்க்கரை, ரத்த அழுத்த மருந்து பாலிகிளினிக்கில். அதுவரை மாதம் 1,900 ரூபாய் கடையில் போய்க்கொண்டிருந்தது. கம்பெனிக் காப்பீட்டின் 31,000-ஐக் கட்டியிருந்தாலும் இந்த 1,900 நின்றிருக்காது.

மனைவியின் அறுவை: ஜூலை, ஆகஸ்ட் 2024

ஜூலையில் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு வலது விலாவுக்குக் கீழே வலி, வாந்தி. அருகிலுள்ள தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். இரண்டு நாள் டிரிப், ஆன்டிபயாடிக். கேஷ்லெஸ் நடந்தது. 15,000 ரூபாய் எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அது அப்படியே வேலை செய்தது.

அறுவையைச் சில வாரம் கழித்துக் கோவையில் செய்துகொள்ளச் சொன்னார்கள். இங்கேதான் பிழை. சில வாரம் அவகாசம் இருந்தது. வெலிங்டன் போய் ரெஃபரல் வாங்கி, எம்பேனல் ஆஸ்பத்திரியில் பொது வார்டில் செய்திருந்தால் பில்லே இல்லை. ஆனால் ஜூலையில் கேஷ்லெஸ் சுலபமாக நடந்த நினைவில், கோவையிலும் அதே அட்டையை நீட்டினார்கள். அந்த ஆஸ்பத்திரி இரண்டு பட்டியலிலும் இருந்தது என்பது வேடிக்கை.

சேர்க்கையன்று 3,000 ரூபாய் அறை காலியில்லை. "சார், 4,500 ரூம் இருக்கு. வித்தியாசம் ஆயிரத்து ஐந்நூறுதான், அதை மட்டும் கட்டிக்கலாம்" என்று மேசையில் இருந்தவர் சொன்னார். மூன்று நாளைக்கு 4,500 ரூபாய் கூடுதல், பரவாயில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். டிஸ்சார்ஜ் பில் 1,02,000. அது வெட்டப்பட்ட விதம்:

அறை வாடகை 13,500. வரம்பு 9,000. பாலிசி கொடுத்தது 9,000.
சர்ஜன், மயக்கவியல், தியேட்டர், நர்சிங் 57,000. வரம்புக்கும் எடுத்த அறைக்கும் உள்ள விகிதம் மூன்றில் இரண்டு; ஆகவே கொடுத்தது 38,000.
மருந்து, உபகரணம், பரிசோதனை 24,500. இவற்றில் விகித வெட்டு கிடையாது, முழுதும் கிடைத்தது.
கையுறை, ஃபைல் கட்டணம் போன்ற கொடுபடாத இனங்கள் 7,000. எதுவும் இல்லை.

மொத்தம் கிடைத்தது 71,500. கையிலிருந்து 30,500. எந்த அறையில் இருந்தாலும் 7,000 போயிருக்கும். மீதி 23,500 அறையின் விலை. மேசையில் சொன்ன 4,500 அதில் ஒரு பகுதிதான். 19,000 மற்றக் கட்டணங்களில் விழுந்த வெட்டு. ஐசியூவைத் தவிர எந்த அறை ஆனாலும் வரம்பைத் தாண்டினால் இந்த வெட்டு வரக்கூடும் என்பதைச் சேர்க்கை மேசையில் யாரும் தாமாகச் சொல்வதில்லை. கேட்க வேண்டியது "வித்தியாசம் எவ்வளவு" என்று அல்ல. "இந்த அறை எடுத்தால் டாக்டர் ஃபீஸும் தியேட்டரும் வெட்டு விழுமா" என்று. கீழ் அறை அன்று இல்லையென்றால், திட்டமிட்ட அறுவையை இரண்டு நாள் தள்ளிப்போடலாம். அல்லது இரட்டை அறை கேட்கலாம்.

30,500-ஐ இசிஎச்எஸ்ஸில் வாங்கலாம் என்று பில்களோடு பாலிகிளினிக் போனார்கள். வரவில்லை. அவசரமும் இல்லை, ரெஃபரலும் இல்லை. எனவே கேட்க இடமில்லை. அங்கிருந்த ஊழியர் சொன்னதில் தவறேதும் இல்லை. ஒரு சிகிச்சையை எந்த வாசல் வழியாகத் தொடங்குகிறோமோ அந்த வாசலின் விதிதான் கடைசிவரை.

அப்பாவின் மாரடைப்பு: நவம்பர் 2024

ஒரு சனிக்கிழமை விடியற்காலை மூன்றரை மணி. நெஞ்சில் இறுக்கம், வியர்வை, இடது தோள் வலி. 108-க்கு அழைத்தார்கள். 4:10-க்குக் கோத்தகிரி அரசு மருத்துவமனை. இசிஜி எடுத்து மாரடைப்பு என்று உறுதி செய்து, முதல் மருந்துகளைக் கொடுத்து, கோவைக்கு அனுப்பினார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலம். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் மூடுபனி. 6:45-க்குக் கோவை.

இந்த இடத்தில் ஒரு சின்ன ஏற்பாடு பெரிய வேலை செய்தது. அப்பாவின் அட்டை வந்த ஏப்ரலிலேயே, கோவையில் இதயச் சிகிச்சைக்கு எம்பேனல் ஆன ஆஸ்பத்திரிகளின் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதி, சமையலறைக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தார்கள். எம்பேனல் என்றால் எல்லாத் துறைக்கும் என்று அர்த்தமில்லை. கண்ணுக்கு மட்டும், பல்லுக்கு மட்டும் என்று இருக்கும். ஆகவே துறைவாரியாக எழுத வேண்டும். ஆம்புலன்ஸில் ஏறும் முன் மகள் அந்தத் தாளைக் கிழித்துக் கையில் கொடுத்தாள். எங்கே போவது என்ற பேச்சே எழவில்லை.

ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட், இரண்டு நாள் ஐசியூ, மூன்று நாள் பொது வார்டு. இசிஎச்எஸ் கணக்கில் குடும்பத்துக்குப் பில் இல்லை.

ஆனால் ஒன்று நடந்தது. காலை ஒன்பது மணிக்கு 40,000 ரூபாய் டெபாசிட் கேட்டார்கள். பாலிகிளினிக்கிலிருந்து அவசரச் சேர்க்கைக்கு ஒப்புதல் வரும்வரை என்று காரணம். எம்பேனல் ஆஸ்பத்திரி அட்டைதாரரிடம் முன்பணம் கேட்கக் கூடாது, ஒப்பந்தம் அப்படி. உள்ளே அப்பா மேசையில் படுத்திருக்கும்போது ஒப்பந்தத்தைப் பற்றி வாதாட யாருக்கும் மனம் வராது. கட்டினார்கள்.

எங்கிருந்து? ஆர்.டி.யில் 27,500 இருந்தது. ஆனால் அஞ்சலக ஆர்.டி.யில் 12 தவணை கட்டி ஓராண்டு முடிந்தால்தான் கடன், அதுவும் இருப்பில் பாதி. மூன்று ஆண்டுக்கு முன் மூடவும் முடியாது. கையில் இருப்பது 11 தவணை. மேட்டுப்பாளையத்தில் இருந்த மைத்துனர் ஃபோனிலேயே அனுப்பினார். திங்கட்கிழமை நகையைக் கூட்டுறவு வங்கியில் வைத்து அவருக்குத் திருப்பினார்கள். டெபாசிட் 12 நாள் கழித்துத் திரும்பி வந்தது. நகைக்கு வட்டி மட்டும் நஷ்டம்.

48 மணி நேர விதியும் அன்று கழுத்தைப் பிடித்திருக்கும். சனி காலை 6:45-க்குச் சேர்ந்தால் கெடு திங்கள் காலை 6:45-க்கு முடிகிறது, பாலிகிளினிக் திறக்கும் முன்பே. எம்பேனல் ஆஸ்பத்திரி என்பதால் தகவல் தருவது அவர்கள் பொறுப்பு. அவர்களே கணினியில் ஏற்றினார்கள். இருந்தும் மகன் சனிக்கிழமையே அட்டை எண், சேர்ந்த நேரம், நோய், ஆஸ்பத்திரி பெயர் ஆகியவற்றை எழுதிப் பாலிகிளினிக்குக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஃபோனிலும் சொல்லி, பேசிய நேரத்தைக் குறித்து வைத்தான். பட்டியலில் இல்லாத இடமாக இருந்திருந்தால் பணம் திரும்புமா இல்லையா என்பதை அந்த மின்னஞ்சலின் நேரமே முடிவு செய்திருக்கும்.

அதே வாரத்தில் இன்னொரு வலை. 70 வயது தாண்டியவர்களுக்கு 5 லட்சம் தரும் ஆயுஷ்மான் வய வந்தனா திட்டம் அக்டோபர் 2024 கடைசியில்தான் அறிமுகமாகியிருந்தது. பார்க்க வந்த உறவினர் ஒருவர், இப்போதே கைபேசியில் பதிவு செய்துவிடலாம் என்று ஆதாரைக் கேட்டார். நல்லெண்ணம்தான். ஆனால் இசிஎச்எஸ் பயனாளிகள் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். வரம்பில்லாத திட்டத்தை விட்டு 5 லட்சத்துக்குப் போவதில் அப்பாவுக்கு லாபமில்லை. பதிவு செய்யவில்லை.

டிஸ்சார்ஜுக்குப் பின் கொடுத்த இரண்டு ரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளில் ஒன்று பாலிகிளினிக்கில் இருப்பு இல்லை. ஸ்டென்ட் வைத்தவருக்கு அதை ஒரு நாள்கூட விடக் கூடாது. சீட்டில் இருப்பு இல்லை என்பதைக் குறிக்கும் 'என்.ஏ.' என்று எழுதி முத்திரை வாங்கி, வெளியில் வாங்கி, பில்லைக் கொடுத்தார்கள். முத்திரை வாங்காமல் முதல் வாரம் வாங்கிய 640 ரூபாய் பில் திரும்பவில்லை. மற்றவை நான்கு மாதம் கழித்து வந்தன.

பின்னர்

ஜூன் 2025-ல் நிறுவனம் பாதுகாப்புப் பணியை வெளி ஏஜென்சியிடம் ஒப்படைத்தது. அவர் வேலை போனது. கம்பெனிக் காப்பீடும் அன்றே. அப்பாவின் இதய மருத்துவப் பரிசோதனைக்கு அடுத்த வாரம் தேதி இருந்தது. ரெஃபரலோடு வழக்கம்போல் போய் வந்தார்கள். பெற்றோரை மூன்றாவது வழியில் சேர்த்துவிட்டு அட்டை எடுக்காமல் இருந்திருந்தால் அன்று 75 வயதுக்காரர், ஸ்டென்ட்டோடு, கம்பெனிக் காப்பீடும் இசிஎச்எஸ்ஸும் இல்லாமல் நின்றிருப்பார். முதல் கட்டத்தில் டிக் அடித்த நண்பருக்கும் கெடுதல் ஒன்றும் நேரவில்லை. அவர் வீடு வெலிங்டன் பஜாரிலிருந்து நடக்கும் தூரம், பெற்றோர் இல்லை, பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். அவருக்கு அது சரியான முடிவு.

மகன் படிப்பு முடித்து வேலையில் சேர்ந்ததால் அவனுடைய இசிஎச்எஸ் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். வேலைக்குப் போன மகனின் அட்டையை யாரும் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வது சிலரிடம் உண்டு. சிகிச்சைக்குப் பயன்படுத்திப் பிடிபட்டால் முழுக் குடும்பத்தின் வசதிக்கும் ஆபத்து.

இப்போது மாற்றிச் செய்வது

பெற்றோரின் பெயர்த் திருத்தம் ஓய்வுக்கு முன்பே. பணியில் இருக்கும்போது யூனிட் மூலம் பார்ட் டூ ஆர்டர் வாங்குவதும், ஓய்வுக்குப் பின் நோட்டரி பத்திரத்தோடு அலைவதும் ஒன்றல்ல. படையில் சேர்ந்த அன்றே குடும்பப் பக்கத்தை ஆதாரோடு ஒப்பிட வேண்டும்.

திட்டமிட்ட சிகிச்சை எதுவானாலும் முதலில் பாலிகிளினிக். கம்பெனி அட்டை கையில் இருந்தாலும், அங்கே வேலை ஆகாவிட்டால்தான் அது. ராத்திரி அவசரம் என்றால் நேர்மாறு. ரெஃபரலில் எழுதியிருக்கும் செல்லுபடித் தேதியைப் பஸ் ஏறும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். தேதி கடந்த ரெஃபரலோடு கோவை போய்த் திரும்பியவர்கள் உண்டு.

அவசரப் பணம் ஆர்.டி.யில் அல்ல, சேமிப்புக் கணக்கில். வட்டி குறைவுதான். டெபாசிட் மேசையில் வட்டி விகிதத்தைக் கேட்க மாட்டார்கள். இப்போது இந்தக் குடும்பம் 50,000 ரூபாயை அப்படி வைத்திருக்கிறது, ஏடிஎம் கார்டு அம்மாவின் அட்டையோடு ஒரே கவரில்.

ஒரு பிரச்சினை இன்னும் தீரவில்லை. 2025-ல் மனைவியின் தாயாரும் இவர்களோடு தங்க வந்துவிட்டார். வயது 66. மாமியாருக்கு இசிஎச்எஸ்ஸில் இடமில்லை. 70 ஆகாததால் வய வந்தனாவும் இல்லை. அவருடைய ரேஷன் கார்டு தனி, ஆண்டு வருமானம் 1,20,000-க்குக் கீழே. ஆகவே அவரை இவர்கள் கார்டில் சேர்க்காமல் அப்படியே விட்டு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். வருமானச் சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்து மட்டும் பாக்கி.